காலி கேஜ்

கேமராவைத் திறப்பதற்கு முன் சம்பங்கி வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். இரண்டு உள்ளங்கைகளையும் காக்கிப் பேண்டின் பின்புறத்தில் ஒருமுறை துடைப்பார். பிலிம் சுற்றியிருக்கும் வெள்ளி உறையை நகத்தால் கிழிக்கமாட்டார், பல்லாலும் கடிக்கமாட்டார். சட்டைப் பையில் இதற்கென்றே வைத்திருக்கும் சின்னக் கத்திரிக்கோலால் ஓரத்தை நேராக வெட்டுவார். உள்ளே கறுப்பாக, உள்ளங்கை அகலத்தில், தட்டையான ஒரு டப்பா இருக்கும். பத்துப் படங்களுக்கான பிலிம் அது. அதன் நடுவில் விரல் படக்கூடாது. விளிம்பை மட்டும் இருபுறமும் பிடித்து, கேமராவின் முன்வாயில் வைத்து, 'டக்' என்று கேட்கும்வரை உள்ளே தள்ளுவார். கதவைச் சாத்தியதும் கேமரா தானாக முனகி ஒரு கறுப்பு அட்டையை வெளியே தள்ளும். அது படமல்ல. முதல் பிலிமின் மேல் வெளிச்சம் படாமல் மூடியிருக்கும் அட்டை.

"காலி கேஜ் போச்சு" என்பார் சம்பங்கி. பிறகு ஆள்காட்டி விரலால் கேமராவின் தலையில் மூன்று முறை தட்டுவார். "இப்ப ஆள் ஏறலாம்."

சுரங்கம் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். கேஜ் என்பது ஆட்களை ஷாப்ட் எனப்படும் சுரங்கக் குழிக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு. குழியின் வாயில் நின்று, ஆட்களை எண்ணி ஏற்றி, கதவைச் சாத்தி, மணிப்பிடியை விரலால் அழுத்தி இஞ்சின் அறைக்குச் செய்தி சொல்பவர் பேங்க்ஸ்மேன். இஞ்சினை ஓட்டுகிறவருக்குக் கூண்டு தெரியாது. அதில் இருப்பது மனிதனா, மரமா, வெறும் காற்றா என்பதை மணிதான் அவருக்குச் சொல்லும். மூன்று மணி அடித்தால் மனிதர்கள். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் மனிதர்களை ஏற்றும் முன் கூண்டை வெறுமையாக ஒருமுறை இறக்கி ஏற்றுவார்கள். கயிறு சரியாக இருக்கிறதா, வழியில் எதுவும் சரிந்து கிடக்கிறதா என்று பார்ப்பதற்காக. அதுதான் காலி கேஜ்.

சம்பங்கி எங்கள் தங்கச் சுரங்கத்தின் ஒரு குழியில் 1963 முதல் 1994 வரை முப்பத்தொரு வருடம் பேங்க்ஸ்மேனாக இருந்தார். காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிப்டுகள். சங்கு ஊதியதும் அவர் செய்த முதல் வேலை காலி கேஜை அனுப்புவது. நான் அதே குழியின் டைம் ஆபீசில் இருந்தேன். கீழே போனவர் எத்தனை, மேலே வந்தவர் எத்தனை என்ற என் பேரேடும் அவர் வாயால் சொன்ன எண்ணிக்கையும் அத்தனை வருடங்களில் ஒரே ஒருமுறைதான் ஒத்துப்போகவில்லை. அன்று தப்பு பேரேட்டில் இருந்தது.

அவரைப் பற்றிச் சுரங்கத்தில் இன்றும் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. ஒருநாள் காலை ஒரு பெரிய அதிகாரி அவசரமாக வந்து, நிறைந்திருந்த கூண்டில் தனக்கு இடம் வேண்டும் என்றார். யாராவது ஒருவன் இறங்கட்டும் என்பது அவர் எண்ணம். சம்பங்கி கதவைச் சாத்தினார். "அடுத்த கேஜ், சார்" என்றார். மூன்று மணி அடித்தார். அதிகாரி தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஆறு நிமிடம் நின்றார். அதற்குப் பிறகு யாராவது எங்கேயாவது வரிசையைத் தாண்டினால், அது ரேஷன் கடையானாலும் சினிமாக் கொட்டகையானாலும், எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைன்களில் "அடுத்த கேஜ், சார்" என்று குரல் வரும்.

கேமரா 1996-இல் வந்தது. அவருடைய ஒரே மகள் தேவிகா மஸ்கட்டில் நர்ஸ். விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தாள். அமுக்கினால் படம் அங்கேயே வெளியே வரும், கழுவ வேண்டியதில்லை என்றாள். அவள் திரும்பிப் போய் ஒரு மாதம்வரை சம்பங்கி அதைத் தொடவில்லை. அதனுடன் வந்த ஆங்கிலக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மூன்று மாலைகள் நான் படித்துச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டார்: "ஒரு டப்பாக்கு பத்துதானா சார்? பதினொண்ணு ஏத்த முடியாதா?" முடியாது என்றேன். "நல்லதுதான்" என்றார்.

பிலிம் டப்பாக்கள் வருடத்துக்கு இரண்டு, மஸ்கட்டிலிருந்து வருகிறவர் யாராவது ஒருவரின் பெட்டியில் வந்து சேரும். சூட்டில் கெட்டுவிடும் என்பதால் ராபர்ட்சன்பேட்டையில் டேவிட்டின் கூல்டிரிங்ஸ் கடை பிரிட்ஜில் அவற்றுக்கு இடம் பிடித்திருக்கிறார். டேவிட் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் விடமாட்டான்.

"இன்னாண்ணா, உன் டப்பா இன்னும் எத்தினி நாளு என் பிரிட்ஜில குடித்தனம் பண்ணும்? சோடாவுக்கு எடம் இல்ல."

"உன் சோடா மாதிரி அது பொங்காதுபா. வாயத் தொறக்காம ஓரமா குந்திகினு கீது. உனுக்கு அது இன்னா பண்ணிச்சு?"

"நேத்து ஒருத்தன் அத்த ஐஸ்கிரீம்னு கேட்டான்."

"குடுத்துடலையே?"

"குடுத்திருந்தா நீ என்ன ஷாப்ட்ல தள்ளிட்டிருப்ப."

சம்பங்கி எல்லோரையும் படம் எடுக்கமாட்டார். பிறந்தநாள், காதுகுத்து, புதுச் சைக்கிள் இவற்றுக்கெல்லாம் ஸ்டுடியோ இருக்கிறது என்பார். ஒருமுறை வார்டுப் பிரமுகர் ஒருவர் மாலையும் கழுத்துமாக அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இவ்ளோ தூரம் நடந்து வந்தீங்க இல்ல. ஸ்டுடியோ அதுல பாதி தூரம்தான், போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நடக்க முடியாதவர்களுக்கு மட்டுமே அவருடைய கேமரா.

அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் நிறைய. கல்தூசு நுரையீரலில் படிந்து படுக்கையில் விழுந்தவர்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் தாம் உயிரோடு இருப்பதை நேரில் போய்க் காட்ட வேண்டும். போக முடியாதவர்களுக்கு எங்கள் ஓய்வூதியர் சங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு டாக்டரை வீடு வீடாக அழைத்துப்போவது. அவர் கண்ணெதிரில் சம்பங்கி படம் எடுப்பார். இந்தப் படங்களின் கீழ்ப்பக்கம் விரலகலத்துக்கு வெள்ளை ஓரம் இருக்கும். அதில் டாக்டர் அங்கேயே தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவார். அலுவலகத்தில் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவார்கள். பிறகு படம் வீட்டுச் சுவரில் ஏறும். பட்டியல் எழுதுவதும், எந்தப் படம் யாருடையது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று குறிப்பதும் என் பொறுப்பு.

படம் எடுக்கும்போது சிரிக்கச் சொல்லமாட்டார். இங்கே பார் என்றுகூடச் சொல்லமாட்டார். கேமராவைக் கண்ணருகில் கொண்டுபோய், "கைய உள்ள வெச்சுக்கோங்க" என்பார். கூண்டு நகரும் முன் பேங்க்ஸ்மேன் சொல்லும் வார்த்தை அது. கையை வெளியே நீட்டியவன் கையோடு மேலே வரமாட்டான். பத்து வருடமாகக் கட்டிலைவிட்டு இறங்காத மனிதரும் அதைக் கேட்டதும் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வார். அதனால் அவர் எடுத்த எல்லாப் படங்களிலும் கிழவர்கள் ஒரே மாதிரி, கைகளை மார்பில் சேர்த்துக்கொண்டு, எங்கோ இறங்கப்போகிறவர்கள் போல இருக்கிறார்கள். வெளியே வந்த படத்தை ஆட்டமாட்டார். நவம்பர்க் குளிரில் படம் நிறம் பிடிக்காது என்று குறிப்பேட்டில் இருந்ததால், அதைக் கவிழ்த்துச் சட்டைக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு, சுரம் பார்க்கிறவர் போல ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பார்.

கேமராவின் பின்புறத்தில் ஒரு சின்னச் சதுரக் கண்ணாடி உண்டு. மீதி எத்தனை பிலிம் என்று எண் காட்டும். அதை அவர் பார்ப்பதில்லை. "ஜன்னல் சொல்றது ஜன்னலுக்கு. நாம எண்றது நமக்கு" என்பார். ஒவ்வொரு படத்துக்கும் என்னிடம் எண்ணைச் சொல்வார். நான் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும்.

1999-ஆம் வருடம் பட்டியலில் பத்துப் பேர். டப்பாவும் ஒன்றுதான் இருந்தது. பத்தாவது பெயர் மாரிகுப்பம் எத்திராஜ். பாறையில் துளை போடும் மெஷின்மேனாக இருந்தவர். அதற்கு முந்தைய வருடம்வரை தாமே நடந்து போய் உயிரைக் காட்டிவிட்டு வந்தவர், அந்தக் கோடையில் படுத்துவிட்டார். அக்டோபரில் நான் பெயர் எழுதப் போனபோது அவர் மனைவி கோவிந்தம்மா வாசல்வரை வந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"சார், அவருது ஒரு படம்கூட ஊட்ல இல்ல. கல்யாணத்துல எடுக்கல. வேலைக்குச் சேரும்போது எடுத்த பாஸ் போட்டோ ஒண்ணு கீது, அதுல மீசைகூட மொளைக்கல. ஆபீஸ்ல திருப்பித் தருவாங்க இல்ல?"

தருவார்கள் என்றேன்.

"குந்தவெச்சு எடுக்கச் சொல்லுங்க. படுத்துனு இருக்கறது வேணாம்."

நான் அதைப் பெயருக்கு எதிரில் எழுதிக்கொண்டேன்: உட்கார்ந்த நிலையில்.

நவம்பர் 27, சனிக்கிழமை. எங்களோடு வந்த டாக்டர் மம்தா பூதிகோட்டைப் பக்கம் வேலை பார்ப்பவர். அவருக்கு ஓய்வு அன்று ஒருநாள்தான். காலை எட்டரைக்கு ராபர்ட்சன்பேட்டையில் தொடங்கினோம். ஆட்டோவில் ஒவ்வொரு லைனாகப் போய், பகலுக்குள் ஐந்து பேரை முடித்தோம். ஆறாவது வீடு சாம்பியன் ரீப்பில். அதற்கு முன்னால் சாலையோரப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டோம். சம்பங்கி கை கழுவி, துடைத்து, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். விரல் அதன் பித்தானின் மேல் இருந்தது. அப்போது இரண்டு மணிச் சங்கு ஊதியது.

கேமரா முனகியது. அதன் வாயிலிருந்து ஒரு படம் வெளியே வந்து நின்றது.

"யாரை எடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

சம்பங்கி படத்தை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சங்கு ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"காலி கேஜ் உட்டுட்டேன் சார்."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஐந்து பேர் பாக்கி, நான்கு பிலிம்.

"கேமரா தானா தள்ளிடுச்சுன்னு சொல்லிக்கலாம், சம்பங்கி" என்றேன். இருபது வருடத்துக்கு மேல் பழகியவரிடம் அப்படிச் சொன்னதற்காக இப்போதும் வருந்துகிறேன்.

"தானா தள்ளல. நான் தள்ளினேன். எழுதுங்க சார். ஆறு, காலி, ரெண்டு மணி."

"காலியை எதுக்கு எழுதணும்?"

"காலி கேஜும் கணக்குதான்."

எழுதினேன். அந்தப் படத்தை அவர் அக்குளில் வைக்கவில்லை. என் பேரேட்டின் மேல் வைத்தார். ஆட்டோ போய்க்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நிறம் பிடித்தது. சரளைக்கல், பொட்டலத்து வாழையிலையின் ஓரம், அவருடைய இடது செருப்பு.

எட்டாவது வீட்டைவிட்டு வெளியே வந்ததும் டாக்டர் தம் கன்னடம் கலந்த தமிழில் ஒரு யோசனை சொன்னார். ஒன்பதாவது பெயரான சுந்தரராஜுக்கு மூன்று மாதமாக நினைவில்லை. "அந்த அஜ்ஜாவுக்கு நான் லெட்டர் எழுதித் தரேன். எதை எடுத்தாலும் அவருக்குத் தெரியப்போறதில்ல. மாரிகுப்பத்துக்காரருக்கு அந்தப் பிலிமை வச்சுக்கலாமே. சுலபா."

யோசனை நியாயமாகவே இருந்தது. என் பேரேட்டில் 'உட்கார்ந்த நிலையில்' என்று எழுதியிருப்பதை சம்பங்கியிடம் திருப்பிக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். எத்திராஜ் அவருக்கு அந்நியர் அல்ல. ஒரே ஷிப்டில் பதினெட்டு வருடம் ஒருவர் மேலே நிற்க ஒருவர் கீழே போனவர்கள்.

"நெனவு இருக்கறவன் முன்னாடி, இல்லாதவன் பின்னாடின்னு கேஜ்ல ஏத்தனது இல்லமா" என்றார் டாக்டரிடம். "வரிசைல நின்னவன் ஏறுவான்."

சுந்தரராஜின் முன்னால் நின்று, அவருக்குக் காது கேட்கிறது என்பது போலவே, "கைய உள்ள வெச்சுக்கோ, சுந்தரராஜ்" என்றார். பக்கத்தில் நின்ற மனைவி அவருடைய இரண்டு கைகளையும் எடுத்து மார்பில் வைத்தாள். கடைசிப் பிலிம் அது. மணி நான்கு ஐந்து.

மாரிகுப்பம் போய்ச் சேர்ந்தபோது நான்கு நாற்பது. எத்திராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையும் ஓர் அரிசி மூட்டையும். சவரம் செய்த முகம். கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை. கோவிந்தம்மா சீப்போடு பக்கத்தில் நின்றார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் எத்திராஜ் பேசினார்.

"வந்துட்டியா பேங்க்ஸ்மேன். காத்தால எட்டு மணிலேருந்து லைன்ல நிக்கறேன். கைய உள்ள வெச்சிகினேன். மணி அடி."

கைகளை உண்மையாகவே மார்போடு சேர்த்து வைத்திருந்தார்.

சம்பங்கி கழுத்திலிருந்த கேமராவைத் தொடவில்லை.

"பிலிம் இல்ல, எத்திராஜ்."

கோவிந்தம்மா சீப்பைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார்.

"பத்து இருந்துச்சு. ரெண்டு மணி சங்குக்கு காலி கேஜ் உட்டுட்டேன். ஒண்ணு போச்சு. அது உன்னுது."

எத்திராஜ் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. கோவிந்தம்மா முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"சங்கு ஊதினா காலி கேஜ் உடணும். உடலன்னாதான் தப்பு" என்றார். பிறகு மூச்சு வாங்கினார். "நீ உட்ட காலி கேஜ்க்குப் பின்னாலதான் இத்தினி வருசம் உசுரோட எறங்கி ஏறனேன். அதுக்குப் போயி மூஞ்சிய இப்பிடி வெச்சிகினு நிக்கற."

சம்பங்கி அப்படியே நின்றார்.

"போ. அடுத்த கேஜ்ல வரேன், சார்" என்றார் எத்திராஜ்.

டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வகையில் நஷ்டம் எதுவும் இல்லை. நாங்கள் கிளம்பும்போது கோவிந்தம்மா ஆட்டோ அருகில் வந்தார். கோபமில்லாத குரல்.

"இன்னிக்குத்தான் அண்ணா குந்தறாரு. ஆறு மாசத்துல இன்னிக்குத்தான். நாளைக்கு முடியுமான்னு தெரியாது."

மறுநாள் ஞாயிறு. பெங்களூரில் கடைகள் இருக்காது. திங்கள் காலை மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் முதல் ரயிலில் சம்பங்கி தனியாகப் போனார். காலிக் கேமராவையும், டப்பா மாறிவிடக்கூடாது என்று பழைய வெற்று டப்பாவையும் கையோடு கொண்டுபோனார். ஆறாவது கடையில் கண்ணாடி அலமாரிக்குள் ஒன்றே ஒன்று இருந்ததாம். கெடு தேதியைப் படித்துக்காட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு, மாலை ரயிலில் திரும்பினார். ரயில் நிற்குமிடத்திலிருந்து எத்திராஜின் வீடு நடந்து எட்டு நிமிடம்.

எத்திராஜ் அன்று பகல் மூன்று மணிக்குப் போயிருந்தார். லைன் முனையில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்த ஸ்டுடியோக்காரர் தம் கேமராவில் ரோல் மாட்டிக்கொண்டிருந்தார். சம்பங்கி கூட்டத்தின் ஓரத்தில் பையோடு நின்றார். யாரோ அவரை முன்னே விட்டார்கள். கோவிந்தம்மா நிமிர்ந்து அந்தப் பையைப் பார்த்தார்.

"வேணாம் அண்ணா. குந்திகினு இருந்ததுதான் வேணும்."

வெள்ளி உறையைப் பிரிக்காமலே அந்த டப்பா டேவிட்டின் பிரிட்ஜுக்குப் போயிற்று. அன்றைக்கு டேவிட் சோடா புட்டிகளைத் தள்ளி இடம் செய்தான்.

இந்தச் செய்தி லைன்களில் பரவியபோது ஆளுக்கொரு விதமாகச் சமாதானம் சொன்னார்கள். டீக்கடையில் ஒருவர், பாவம், எத்திராஜுக்குப் படம் என்று ஒன்று விதியில் இல்லை என்றார். பெஞ்சின் மறுமுனையில் இருந்த சம்பங்கி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "விதி இல்லபா. விரல்" என்றார். மறுபடி டீயை எடுத்துக் குடித்தார். இன்றுவரை அவர் யாரிடமும் வேறு விதமாகச் சொன்னதில்லை.

அடுத்த வருடம் பட்டியல் போடும்போது ஒரே ஒரு மாற்றம் சொன்னார். "இனிமே மாரிகுப்பத்துலேருந்து ஆரம்பிக்கலாம் சார். கடைசில நிக்கறவங்க மொதல்ல ஏறட்டும்." அப்படியே செய்து வருகிறோம்.

இந்த 2001 பிப்ரவரி கடைசி நாளோடு சுரங்கத்தை மூடினார்கள். ஷிப்ட் இல்லை, ஆகவே சங்கும் இல்லை. முதல் சில வாரங்கள் எங்களுக்குச் சாப்பாட்டு வேளை தெரியவில்லை. இப்போது பழகிவிட்டது.

ஜூலையில் கோவிந்தம்மா குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவருக்கு வருவது விதவை ஓய்வூதியம், அவரும் உயிரைக் காட்ட வேண்டும். இந்த வருடப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. நவம்பர் 24, சனிக்கிழமை. பூதிகோட்டையில் ஒரு பிரசவம் இழுத்துவிட்டதால் டாக்டர் மம்தா வந்து சேரத் தாமதமாகி, நாங்கள் மாரிகுப்பம் போனபோது பகல் ஒன்று ஐம்பது.

வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று சம்பங்கி உறையை வெட்டினார். விளிம்பைப் பிடித்து டப்பாவைத் தள்ளினார். 'டக்' என்றது. கதவைச் சாத்தினார். கறுப்பு அட்டை வெளியே வந்தது. "காலி கேஜ் போச்சு" என்று மெதுவாகச் சொல்லி, அட்டையை என்னிடம் கொடுத்து, மூன்று முறை தட்டினார்.

உள்ளே கோவிந்தம்மா அதே கட்டிலில், தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லாமலே கைகளை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். சம்பங்கி கேமராவைக் கண்ணருகில் கொண்டுபோனார். பிறகு இறக்கினார்.

"மணி இன்னா சார்?"

"ஒன்று ஐம்பத்தெட்டு" என்றேன்.

அவர் வாரைக் கழுத்திலிருந்து கழற்றிக் கேமராவை என் கையில் கொடுத்தார்.

"இப்ப ஏது அண்ணா சங்கு? மூடி ஒம்பது மாசம் ஆவப்போவுது" என்றார் கோவிந்தம்மா. "எடுங்க."

"சங்கு இல்லன்னா இன்னாமா. ரெண்டு மணி வரும் இல்ல. ஒரு நிமிசம் இரும்மா."

கோவிந்தம்மா கையை எடுக்காமல் காத்திருந்தார். டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்தபடி நின்றார். சம்பங்கி கட்டிலுக்கு எதிரில் நேராக நின்று, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். பின்னால் நின்ற எனக்கு அவை மட்டும் தெரிந்தன. முள் இரண்டைத் தொட்டது. தெருவில் எதுவும் ஊதவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலை இடது கை இறுகப் பிடித்திருந்தது.